சமைப்பவர் எதிரே அமர்ந்து உண்ணுதல்: சுஷி மேடை கற்றுத் தரும் பாடம்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளர் பலர் மருத்துவரிடம் இறுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனி வெளியில் சாப்பிடலாமா?" மருந்து, பரிசோதனை, அடுத்த வருகை ஆகியவை பற்றிய ஐயங்களெல்லாம் தீர்ந்த பின்னர், எழுந்து செல்லும் வேளையில் சற்றுத் தயக்கத்துடன் கேட்கப்படும் கேள்வி இது. "கூடாது" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது எளிது. ஆனால் பேரக் குழந்தையின் பிறந்தநாளுக்கும் மகனின் பதவி உயர்வுக்கும் குடும்பமே உணவகத்திற்குப் புறப்படும்போது, ஒருவர் மட்டும் வீட்டில் தனித்திருப்பதும் நலமன்று. எதை, எங்கே, எவ்வாறு உண்ணலாம் என்று அறிந்துகொள்வதே சரியான வழியாகும்.

இந்த இதழின் பாடத்திற்குச் சற்றுப் புதுமையான ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் ஜப்பானிய நிறுவனங்களின் தொழிற்சாலைகள் பெருகியதன் விளைவாகச் சென்னையில் ஜப்பானிய உணவகங்களும் தோன்றியுள்ளன. தாம்பரம், சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம் பகுதிகளிலிருந்து அத்தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். ஆதலின் 'சுஷி' என்னும் சொல் இன்று நம் வீடுகளிலும் ஒலிக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். சேலையூரில் வாழும் ஓர் இளைஞர், பதவி உயர்வு பெற்ற மகிழ்ச்சியில், தம் குடும்பத்தாரை ஒரு சுஷி உணவகத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார். தந்தை ஓராண்டுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்பவர். தாய்க்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. மனைவி ஐந்து மாதக் கருவுற்றிருக்கிறார். அழைத்துச் செல்லும் அந்த இளைஞரோ, பிறருக்குத் தொற்றாத கழுத்து நெறிக்கட்டிக் காசநோய்க்காக நான்காம் மாதமாக மாத்திரை உண்டு வருகிறார்; உடல் தேறிவிட்டதால் தம்மை நோயாளர் என்று அவர் எண்ணுவதில்லை. இந்நால்வரும் ஒரே மேடை முன் அமர்ந்து உண்ண இயலுமா? பாடத்தின் முடிவில் இதற்கு விடை காண்போம்.

1. சமையல் மேடை என்பது யாது?

சுஷி உணவகத்தில் சமையற்காரருக்கும் உண்பவருக்கும் இடையே இருப்பது ஒரு நீண்ட மேடை மட்டுமே. உண்பவர் அதன் ஒரு பக்கம் வரிசையாக அமர்கிறார். மறுபக்கம் நின்று சமையற்காரர் மீனை நறுக்கி, சோற்றைக் கையால் பிடித்து, ஒவ்வொன்றாக எதிரே வைக்கிறார். வைத்தவுடன் உண்பதே அங்கு மரபு.

இம்முறை அரண்மனையில் தோன்றியதன்று, தெருவில் தோன்றியது. இன்று டோக்கியோ எனப்படும் நகரம் எடோ என்று வழங்கிய காலத்தில், 1820களில், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டை வைத்து விற்கும் வழக்கம் பரவியது. ஹனாயா யோஹேய் என்பவர் இதனைப் பரப்பியவராகக் கருதப்படுகிறார். உழைப்பாளர்கள் தெருக்கடையின் முன் நின்றபடியே இரண்டு மூன்று துண்டுகளை உண்டு செல்வர். நம் ஊரில் தோசைக் கல்லுக்கு எதிரே நின்று சூடாக வாங்கி உண்பதைப் போன்றதே அது. பின்னர் அக்கடைகள் கட்டடத்திற்குள் சென்றபோதும் மேடை மட்டும் மாறாமல் நின்றது. 1958இல் ஒசாகா பகுதியில் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர், சுழலும் பட்டையில் தட்டுகள் நகர்ந்து வரும் உணவகத்தைத் தொடங்கினார். அங்கே உண்பவருக்கும் சமைப்பவருக்கும் இடையே பேச்சு குறைந்தது; தட்டு எப்போது வைக்கப்பட்டது என்பதும் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று.

மேடையின் சிறப்பு இதுவே: சமைப்பவரின் கை, கத்தி, பலகை, மீன் வைத்திருக்கும் பெட்டி ஆகிய அனைத்தும் நம் பார்வையில் உள்ளன. கேட்கவும் சொல்லவும் ஆள் எதிரிலேயே இருக்கிறார். நோயாளருக்கு இதைவிட வசதியான இருக்கை வேறில்லை. அவர் வாய் திறந்து பேசினால் மட்டுமே அந்த வசதி பயன்படும்.

2. சுஷி என்றாலே பச்சை மீன் அன்று

சுஷி என்பது உண்மையில் காடி சேர்த்த சோற்றைக் குறிக்கும் உணவுப் பெயராகும். அதன்மேல் பச்சை மீன் வரலாம். வேகவைத்த இறால் வரலாம். முட்டை அடை, வறுத்த சோயாப் பாற்கட்டி, வெள்ளரிக்காய் ஆகியவையும் வரலாம். சோறின்றி வெறும் பச்சை மீன் துண்டுகளாக வைக்கப்படுவது 'சஷிமி' எனப்படும்.

பண்டைக் காலத்தில் மீனைச் சோற்றுக்குள் பல மாதங்கள் புதைத்துப் புளிக்கச் செய்து பாதுகாத்ததிலிருந்தே சுஷி பிறந்தது. எடோ நகரத் தெருக்கடைகளிலும் பனிக்கட்டியோ குளிர்பெட்டியோ இல்லை. ஆகவே மீனை உப்பிலோ காடியிலோ சோயாச் சாற்றிலோ ஊறவைத்தனர், சிலவற்றை வேகவைத்தனர். முற்றிலும் பச்சையான மீனைப் பரவலாக உண்ணும் வழக்கம், குளிர்பதன வசதி வளர்ந்த பின்னரே பெருகியது. பச்சை மீனின் பாதுகாப்பு முழுவதும் கடலிலிருந்து மேடை வரை அறுபடாத குளிர்ச்சியைச் சார்ந்தே நிற்கிறது என்பதை இதனால் அறியலாம்.

3. சோற்றில் உள்ள அறிவியல்

பலரும் மீனைக் கண்டு அஞ்சுவர். சோற்றைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆனால் ஆறிய சோறும் நோய் தரக்கூடியதே. 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே காணப்படும். அவை கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால், அவ்வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சினை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு, சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை.

சுஷிச் சோற்றில் காடி சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. காடியின் புளிப்பு நுண்ணுயிர் பெருக்கத்தைத் தடுக்கிறது. நம் முன்னோர் பயணத்திற்குப் புளியோதரை கட்டிக்கொண்டு சென்றதன் பின்னும் இதே அறிவுதான் உள்ளது. புளி சேராத வெறும் சோறு, தேங்காய்ச் சோறு, பிரியாணி முதலியவற்றுக்கு இப்பாதுகாப்பு இல்லை. மதியம் வாங்கிய பொட்டலச் சோற்றை மாலை வரை மேசைமேல் வைத்திருந்து நோயாளருக்குக் கொடுப்பது, சுஷி உண்பதைவிடவும் இடர் மிகுந்ததாக அமையக்கூடும்.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்திற்கு மேல் வைத்தல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையே நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும் நிலையாகும். சென்னையின் கோடையில் இந்த 2 மணி நேரத்தை 1 மணி நேரமாகக் குறைத்துக்கொள்வது நன்று.

4. மீனில் உள்ள நான்கு இடர்கள்

*முதலாவது, புழு.* சில கடல் மீன்களில் 'அனிசாகிஸ்' என்னும் உருளைப்புழு இருக்கலாம். பச்சையாக உண்டால் அது இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கடும் வயிற்று வலியை உண்டாக்கும். மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியசில் 7 நாட்கள் உறைய வைத்தால் இப்புழு அழியும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறுகிறது. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி அந்த அளவுக்கு எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. மின்தடை நேர்ந்தால் இன்னும் குறையும். ஆகவே சந்தையில் வாங்கிய மீனைக் கொண்டு வீட்டில் சுஷி செய்து பார்க்கும் முயற்சியை அனைவரும் தவிர்க்க வேண்டும். கெண்டை, விரால் போன்ற ஏரி, ஆற்று மீன்களையோ எவருமே பச்சையாக உண்ணலாகாது. நன்னீர் மீன்கள் வழியாகக் கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் உடலுள் புகக்கூடும்.

*இரண்டாவது, நுண்ணுயிர்.* உறைய வைத்தல் புழுவைக் கொல்லும். நுண்ணுயிர்களை முற்றிலும் கொல்வதில்லை. 1950இல் ஒசாகாவில் பாதி உலர்ந்த சிறு மீன்களை உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் உயிரிழந்தனர். அந்நிகழ்வை ஆராய்ந்தபோதுதான் ஃபுஜினோ சுனேசபுரோ என்னும் அறிவியலாளர், கடல் உணவின் வழி பரவும் 'விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்' நுண்ணுயிரைக் கண்டறிந்தார். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் இவ்வினத்தில் 'விப்ரியோ வல்னிபிக்கஸ்' என்பது கல்லீரல் நோயாளருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்; பச்சைச் சிப்பி அதற்கு முதன்மையான வாயில். 'லிஸ்டீரியா' என்னும் மற்றொரு நுண்ணுயிர் குளிர்பெட்டிக்குள்ளும் வளரும். கருவுற்ற தாய்க்கு அது சிறு காய்ச்சலாகத் தோன்றி மறையலாம். ஆனால் கருவுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

*மூன்றாவது, ஹிஸ்டமின்.* இதுவே நம்மவர் அதிகம் அறியாததும், நம் பகுதிக்கு மிகவும் தொடர்புடையதும் ஆகும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் பிடிபட்டபின் உடனே குளிரூட்டப்படாவிட்டால், அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் உண்டாகிறது. குழம்பில் கொதித்தாலும் எண்ணெயில் பொரிந்தாலும் அது அழியாது. உண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, தோலில் அரிப்பு ஆகியவை தோன்றும். பலர் இதனை மீன் ஒவ்வாமை என்று தவறாக எண்ணிக்கொள்வர்.

காசநோய்க்குத் தரப்படும் 'ஐசோனியசிட்' மாத்திரை, உடல் ஹிஸ்டமினைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றலைக் குறைக்கிறது. எனவே அம்மாத்திரையை உண்பவர் இவ்வகை மீனை உண்டால், மற்றவருக்கு ஒன்றும் நேராத அளவிலேயே அவருக்குக் கடுமையான விளைவு ஏற்படலாம். 1970களில் இலங்கையில் மருத்துவர் சி. ஜி. உரகொட முதலியோர், காசநோய்ச் சிகிச்சை பெறுவோர் மீன் உண்டபின் இவ்வாறு பாதிக்கப்பட்டதை ஆராய்ந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். அங்கு உண்ணப்பட்டது சுஷி அன்று. அன்றாடம் சமைக்கும் மீனே. 1928இல் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையைத் தன்னகத்தே கொண்டு, அதனாலேயே 'சானடோரியம்' என்ற பெயரைத் தொடர்வண்டி நிலையத்திற்கும் தந்த ஊர் நம் தாம்பரம். இங்கு இச்செய்தி ஒவ்வொரு வீட்டிற்கும் தெரிந்திருக்க வேண்டும். இதனை அறிந்து எவரும் மாத்திரையை நிறுத்திவிடலாகாது. மாற்ற வேண்டியது மாத்திரையை அன்று, மீனை. காசநோயாளருக்குப் புரதம் இன்றியமையாதது. முட்டை, பருப்பு, கோழி இறைச்சி, வேறு வகை மீன்கள் ஆகியவற்றிலிருந்து அதனைப் பெறலாம்.

*நான்காவது, பாதரசம்.* பிற மீன்களைத் தின்று நீண்ட காலம் வாழும் பெரிய மீன்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. பெரிய சுறா, வாள்மீன், பெருங்கண் சூரை ஆகியவை இத்தகையன. கருவின் மூளை வளர்ச்சியைப் பாதரசம் பாதிப்பதால், கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். பாலூட்டும் தாய்க்குச் சுறாப்புட்டு அளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்புடன் செய்து தரும் பெரியோரிடம் இக்காரணத்தைப் பணிவுடன் எடுத்துக் கூறி, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை நன்கு வேகவைத்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளலாம்.

5. பச்சை மீனை முற்றிலும் தவிர்க்க வேண்டியவர் யாவர்?

- உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள்
- புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர்
- நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள்
- கல்லீரல் சுருக்க நோய் உடையவர்கள்
- டயாலிசிஸ் செய்துகொள்வோர்
- எச்.ஐ.வி. தொற்றுடன் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள்
- கருவுற்ற தாய்மார்
- ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் முதியோரும்

கட்டுக்குள் வராத நீரிழிவு உள்ளவர்களும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து உண்பவர்களும் கவனமாக இருத்தல் வேண்டும். இரைப்பையின் அமிலம் நுண்ணுயிர்களுக்கு எதிரான முதல் காவலாகும். அக்காவல் தளரும்போது குடல் தொற்று எளிதில் உண்டாகும்.

காரமான வசாபி, இஞ்சி, எலுமிச்சைச் சாறு ஆகியவை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை தவறானது. அவை நாக்குக்குச் சுவை தரும். மீனை வேகவைத்ததற்கு ஈடாகா. மீனின் உட்பகுதி 63 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். சதை ஒளிபுகா வெண்மை அடைந்து, முள்கரண்டி பட்டவுடன் எளிதில் இதழ் இதழாகப் பிரிவதே அதற்கான அடையாளம்.

6. உப்பும் அளவும்

சோயாச் சாறு ஒரு மேசைக் கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது. ஒருவர் ஒரு நாளில் கொள்ளத்தக்க சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக, அதாவது 5 கிராம் உப்புக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இரண்டு கரண்டிச் சாற்றிலேயே ஏறக்குறைய ஒரு நாளின் அளவு முடிந்துவிடுகிறது. இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் தொடர்பான நோய் உடையவர்கள் சாற்றைத் தொட்டுக்கொள்ள வேண்டுமே தவிர, அதில் தோய்த்தலோ ஊற்றிக்கொள்ளுதலோ கூடாது. 'மீசோ' என்னும் சோயாக் கூழில் செய்யும் சூப்பும் உப்பு மிகுந்ததே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மேடையில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு சுஷியும் தனித்தனியாக வருவதால் எண்ணி உண்ண இயலும். ஒரு பிடியில் ஏறத்தாழ 20 கிராம் சோறு இருக்கும். அச்சோற்றில் காடியுடன் சர்க்கரையும் கலந்திருக்கும். ஐந்து பிடி உண்டால் 100 கிராம் வெண்சோறு உண்டதாகக் கணக்கிட்டு, அன்றைய உணவில் அதனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுவோர் உணவகத்தில் காத்திருக்கும் நேரத்தையும் கருத்தில் கொள்க; உணவு வருமுன் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

'வார்ஃபரின்' மாத்திரை உண்பவர்கள் 'நாட்டோ' எனப்படும் புளித்த சோயாவைத் தவிர்க்க வேண்டும். அதில் மிகுதியாக உள்ள வைட்டமின் கே, அம்மருந்தின் செயலைக் கெடுத்துவிடும். நண்டு, இறால் ஒவ்வாதவர்கள் 'நண்டுக் குச்சி' என்ற பெயரில் வருவதையும் விசாரிக்க வேண்டும். அது பெரும்பாலும் வெள்ளை மீனை அரைத்துச் செய்யப்படுவதாயினும், நண்டுச் சாறும் முட்டை வெண்கருவும் சேர்ந்திருக்கலாம்.

7. எதிரே அமர்ந்து பேசும் முறை

ஜப்பானிய மேடையில் 'ஒமாகசே' என்றொரு வழக்கம் உண்டு. "தேர்வை உங்களிடமே ஒப்படைக்கிறேன்" என்பது அதன் பொருள். சமையற்காரர் அன்றைய சிறந்த பொருளைத் தாமே தேர்ந்து வைப்பார். இது அழகிய நம்பிக்கை. ஆனால் நம்முடைய நிலையைச் சொல்லாமல் ஒப்படைப்பது நம்பிக்கை ஆகாது. மருத்துவரிடம் மற்ற மாத்திரைகளை மறைத்துவிட்டுச் சிகிச்சையை ஒப்படைப்பது எத்தகையதோ, அத்தகையதே இதுவும்.

அமர்ந்தவுடன், முதல் தட்டு வருமுன், மூன்று செய்திகளைத் தெளிவாகக் கூற வேண்டும்.

"எனக்குப் பச்சை மீனோ சிப்பியோ கூடாது. மருத்துவர் தடுத்திருக்கிறார்."

"வெந்த உணவைப் பச்சை மீன் நறுக்காத வேறு பலகையில், கழுவிய கத்தியால் நறுக்கித் தர இயலுமா?"

"சோயாச் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் சிறிதளவு மட்டும் தாருங்கள்."

இவ்வாறு கேட்பது சமையற்காரரை அவமதிப்பதாகாது. தம் தொழிலை அறிந்தவர் மகிழ்ந்து விடை சொல்வார். "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று மழுப்பினால், பச்சை உணவு தயாராகும் பலகையிலிருந்து எதையும் வாங்காமல், அடுப்பிலிருந்து நேராக வரும் சூடான உணவைக் கேட்டுப் பெறலாம். 'சுஷி தரம்' என்று விளம்பரப்படுத்தப்படும் சொல்லை மட்டும் நம்புதல் கூடாது; அமெரிக்காவிலேயே அச்சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை இல்லை.

பேசுவதோடு பார்க்கவும் வேண்டும். மீன் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் உள்ளதா, மேடைமேல் திறந்து கிடக்கிறதா? கை கழுவும் இடம் சமையற்காரருக்கு அருகில் உள்ளதா? பணத்தைத் தொட்ட கையாலேயே சோற்றைப் பிடிக்கிறாரா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் கண்ணில் படுமாறு வைக்கப்பட்டுள்ளதா?

8. நம் தெருவுக்கும் இதே பாடம்

சுஷியை ஒருபோதும் உண்ணப் போவதில்லை என்று கூறும் வாசகருக்கும் இப்பாடம் உரியதே. கேம்ப் ரோடு சந்திப்பிலோ வேளச்சேரி சாலையிலோ மாலை வேளையில் மீன் வறுவல் வாங்குவோரும் சமைப்பவர் எதிரேதான் நிற்கின்றனர்.

மசாலா தடவிய மீன் எவ்வளவு நேரமாகத் தட்டில் திறந்து கிடக்கிறது? அடியில் பனிக்கட்டி உண்டா? பச்சை மீனை எடுத்த இடுக்கியாலேயே வறுத்த மீனையும் எடுக்கிறாரா? முன்பே பொரித்து அடுக்கியதை மீண்டும் எண்ணெயில் காட்டித் தருகிறாரா? எண்ணெய் கறுத்திருக்கிறதா? "அண்ணா, எனக்குப் புதிதாகப் பொரித்துக் கொடுங்கள், காத்திருக்கிறேன்" என்ற ஒரு வேண்டுகோள் பெரும்பாலான இடர்களை நீக்கிவிடும். அருகில் வைக்கும் பச்சை வெங்காயத்தையும் எலுமிச்சைத் துண்டையும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஒதுக்கிவிடுவது நலம்.

காலத்தையும் கருத வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அக்காலத்தில் சந்தைக்கு வரும் மீனில் ஒரு பகுதி பிற மாநிலங்களிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வருவது. வெயிலும் அப்போதுதான் கடுமை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றை வாங்கும்போது அந்நாட்களில் கூடுதல் கவனம் தேவை. வாங்கியபின் பிற கடைகளுக்குச் சுற்றாமல் உடனே வீடு திரும்பிக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

தோசைக் கடையிலும் இதே விதிதான். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் தோசை பாதுகாப்பானது. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மாலையிலும் வாளியில் இருக்குமானால் அதனைத் தவிர்த்து, கொதிக்கும் சாம்பாரைக் கேட்டுப் பெறலாம்.

9. உண்டபின் கவனிக்க வேண்டியவை

முகம் சிவந்து படபடப்பு, மூச்சுத்திணறல், நாக்கு அல்லது உதடு வீக்கம் தோன்றினால் ஒரு கணமும் தாமதியாமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும் அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், 38 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், நீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், கடும் வயிற்று வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். ஐந்தாம் பகுதியில் கூறப்பட்டவர்கள் சிறு காய்ச்சலையும் பொருட்படுத்த வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால் மாத்திரை உடலில் சேரும் அளவு மாறிவிடும். தாமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் உடனே தம் சிகிச்சைக் குழுவினரைத் தொடர்புகொள்ள வேண்டும். எங்கே, எப்போது, என்ன உண்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்து வருதல் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

10. நால்வரும் என்ன உண்ணலாம்?

இனி நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்திடம் திரும்புவோம். வாசகர்கள் கீழ்வரும் விடையைப் படிக்குமுன், தாமே ஒரு முறை சிந்தித்துப் பார்ப்பது நன்று.

*தந்தை:* பச்சை மீன் அறவே கூடாது. பச்சை மீன் நறுக்கும் பலகையைத் தொட்ட எதுவும் அவருக்கு வேண்டா. அடுப்பிலிருந்து ஆவி பறக்க வரும் நூடுல்ஸ் சூப், நன்கு பொரித்த இறால் அல்லது காய்கறி, முழுதும் வெந்த மீன் ஆகியவற்றை, உப்பைக் குறைத்து உண்ணலாம். முதன்முறையாக வெளியில் உண்பதாயின், சிகிச்சைக் குழுவினரிடம் முன்னரே ஒப்புதல் பெற வேண்டும்.

*தாய்:* நான்கு அல்லது ஐந்து பிடிக்குமேல் வேண்டா. அவற்றுள்ளும் வெள்ளரி, முட்டை, வெந்த இறால் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது நலம். சாற்றைத் தொட்டுக்கொள்ளலாம், சூப்பை ஒதுக்கிவிடலாம்.

*மனைவி:* பச்சை மீன், பச்சைச் சிப்பி, அரைவேக்காட்டு முட்டை ஆகியவை கூடாது. வெந்த இறால், நன்கு வெந்த முட்டை அடை, காய்கறிச் சுருள் ஆகியவற்றை, தனிப் பலகையில் உடனே செய்யச் சொல்லி உண்ணலாம்.

*மகன்:* நால்வரில் மறந்துபோகக் கூடியவர் இவரே. பெற்றோரையும் மனைவியையும் எண்ணி எல்லாவற்றையும் கேட்டறிந்தவர், தமக்கென்று வரும்போது சூரை மீனைக் கைகாட்டிவிடலாம். சூரையும் கானாங்கெளுத்தியும், வெந்ததாயினும், ஐசோனியசிட் உண்ணும் காலம் வரை அவருக்கு வேண்டா. இறாலோ முட்டையோ கோழியோ உண்ணலாம். மாத்திரையைத் தவறாது தொடர வேண்டும்.

ஆகவே நால்வரும் ஒரே மேடை முன் அமரலாம். ஒவ்வொருவருடைய தட்டும் வேறாக இருக்கும். விருந்து ஒன்றாகவே இருக்கும். அதற்கு வேண்டுவது, முதல் தட்டு வருமுன் தயக்கமின்றிச் சொல்லும் இரண்டு மூன்று சொற்கள் மட்டுமே.

நினைவில் கொள்க

- வெளியுணவில் முதல் விதி: கண்முன் வெந்தது, சூடாக வந்தது, உடனே உண்டது.
- எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கருவுற்றோருக்கும் பச்சை மீன் இல்லை.
- காசநோய் மாத்திரை உண்பவர்கள் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றைத் தவிர்க்கவும், மாத்திரையை நிறுத்தலாகாது.
- ஆறிய சோறும் நஞ்சாகலாம். 2 மணி நேர வரம்பை மறவாதீர்.
- சொல்லிவிட்டு உண்ணுங்கள், கேட்டுவிட்டு உண்ணுங்கள்.

இங்குக் கூறியவை பொதுவான அறிவுரைகளே. உங்கள் நோய், மருந்து, பரிசோதனை முடிவு ஆகியவற்றுக்கேற்ற உணவை உங்கள் மருத்துவரும் உணவியல் வல்லுநருமே வரையறுக்க இயலும். அடுத்த வருகையின்போது நீங்கள் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலுடன், நீங்கள் விரும்பி உண்ணும் உணவுகளின் பட்டியலையும் எழுதிக் கொண்டு வாருங்கள்.